மன்னனின் தலை விழுந்த பிறகு: ஹியூகோவின் 'தொண்ணூற்று மூன்று'

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பெரும்பாலும் பஸ்டீல் சிறையில் தொடங்கி மன்னனின் தலையில் முடித்துவிடுகிறார்கள். 1789 ஜூலை 14, பிறகு 1793 ஜனவரி 21. பாடசாலையில் வரலாறு படித்த எவருக்கும் இவ்வளவும் தெரியும். ஆனால் மன்னன் செத்த அடுத்த நாள் காலை என்ன நடந்தது? அதற்கடுத்த மாதம்? யாருக்கு யார் எதிரியானான், எந்தக் கிராமம் எரிந்தது, எரித்தவன் எந்தக் கொடியைப் பிடித்திருந்தான்? இந்தக் கேள்விகள் வரும் இடத்தில்தான் விக்டர் ஹியூகோவின் கடைசி நாவல் நிற்கிறது. அதன் பெயரே ஓர் ஆண்டுதான்: 'தொண்ணூற்று மூன்று'.

ஹியூகோவைத் தமிழ் வாசகர்கள் 'ஏழை படும் பாடு' வழியாக அறிவார்கள். சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கமும், 1950இல் வந்த படமும் அந்தப் பெயரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டைத் திருடனுக்கே கொடுத்துவிடும் பாதிரியாரின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். அந்த மனப்பாடமே ஒரு தடையாகவும் இருக்கிறது. ஹியூகோ என்றால் இரக்கம், கண்ணீர், மன்னிப்பு என்று முடிவுகட்டிக்கொண்டு 'தொண்ணூற்று மூன்'றைத் திறந்தால் அதையும் அப்படியே வாசித்துவிடுவோம். 'புரட்சியும் பிழை, எதிர்ப்புரட்சியும் பிழை, கருணை மட்டுமே சரி' என்று புத்தகத்தை மூடிவைத்துவிடலாம். அப்படி வாசித்தவர்களை எனக்குத் தெரியும். என் கட்சி வேறு. இந்த நாவலில் மன்னிப்பு என்பது ஓர் அரசியல் பேரம். அதன் மறுமுனையில் 1793இன் ஆட்கள் இல்லை. 1874இல் பாரிஸில் உயிரோடிருந்தவர்கள் இருக்கிறார்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1792 செப்டம்பரில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் 387 பேர் மரணத்துக்கும் 334 பேர் எதிராகவும் வாக்களிக்க, 16ஆம் லூயி கில்லட்டினுக்குப் போனான். பிப்ரவரியில் குடியரசு மூன்று இலட்சம் பேரைப் படைக்குக் கேட்டது. மேற்குப் பிரான்சின் வெண்டேப் பகுதியில் விவசாயிகள் மார்ச் மாதமே கிளர்ந்தார்கள். அவர்கள் கேட்டது தங்கள் பாதிரியாரை; மறுத்தது ஆட்சேர்ப்பை. மன்னன் என்ற சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம். நாவலில் இந்தக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கக் கடல்வழியாக வருகிறான் லாந்தெனாக் என்ற கிழட்டுப் பிரபு. அவனை எதிர்த்துக் குடியரசுப் படையை நடத்துகிறான் அவனுடைய தம்பி பேரன்முறையான இளைஞன் கோவேன். கோவேனைக் கண்காணிக்க பாரிஸிலிருந்து அனுப்பப்படுகிறான் சிமூர்டேன். முன்னாள் பாதிரியார், கோவேனைச் சின்ன வயசில் படிப்பித்து வளர்த்தவன். கடைசியில் லாந்தெனாக் பிடிபடுகிறான், கோவேன் அவனைத் தப்பவிடுகிறான், சிமூர்டேன் கோவேனுக்கு மரண தண்டனை விதிக்கிறான்.

இந்த மூவரையும் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். நான் தொடங்க விரும்புவது முதல் அத்தியாயத்தில் வருகிற பெண்ணிடம்.

1793 மே மாதக் கடைசி. பாரிஸிலிருந்து வந்த ஒரு குடியரசுப் படையணி காட்டுக்குள் நுழைகிறது. புதருக்குள் மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய். மூத்ததுக்கு நாலு வயசு, கடைசி பால்குடி. மிஷேல் ஃபிளெஷார் என்று பேர். ராதூப் என்ற சார்ஜன்ட் அவளை விசாரிக்கிறான்: நீ எந்தப் பக்கம்? அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. உன் தாய்நாடு எது? தெரியாது என்கிறாள். நாடு தெரியாதா என்று வேறு சொல்லில் கேட்க, முகம் மலர்ந்து, தான் பிறந்த பண்ணையின் பேரையும் கோயிற்பற்றின் பேரையும் சொல்கிறாள். பிரெஞ்சு மூலத்தில் இது இரண்டு சொற்களுக்கிடையிலான விளையாட்டு. ஒன்று அரசியல் சொன்ன நாடு, மற்றது மண் சொன்ன நாடு. நான் வாசித்த ஆங்கிலப் பெயர்ப்பில் அது சப்பென்று போய்விடுகிறது. தமிழில் செய்தால் சிரமமே இருக்காது. நம்மிடம் 'நாடு' இருக்கிறது, 'ஊர்' இருக்கிறது. "உன்ட ஊர் எது புள்ள?" என்று கேட்டிருந்தால் முதல் தடவையே அவள் பதில் சொல்லியிருப்பாள். புரட்சி அவளிடம் ஊரைக் கேட்கத் தெரியாமல் நாட்டைக் கேட்டது. குடியரசுக்கும் வெண்டே விவசாயிக்கும் இடையில் இருந்த பிளவை ஒரு பக்கத்தில் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிய எழுத்தை நான் கண்டதில்லை.

விசாரணை தொடர்கிறது. அவளுடைய தகப்பன் நடக்க இயலாதவன். ஏன்? ஒரு முயலைப் பிடித்ததற்காகப் பிரபு அவனை அடிக்கச் சொன்னான். சட்டப்படி அதற்கு மரண தண்டனை. பிரபு இரக்கப்பட்டு நூறு பிரம்படியோடு விட்டுவிட்டான். அதை அவள் நன்றியோடு சொல்கிறாள். அவளுடைய பாட்டன் புரட்டஸ்தாந்துக்காரன். பாதிரியார் அவனைக் கப்பல் துடுப்புத் தண்டனைக்கு அனுப்பிவைத்தார். மாமனார் உப்புக் கடத்தினான். மன்னன் தூக்கில் போட்டான். சரி, புருஷன்? சண்டையில் செத்துவிட்டான். யாருக்காகச் சண்டை பிடித்தான்? மன்னனுக்காக, பிரபுவுக்காக, பாதிரியாருக்காக.

ஹியூகோ இங்கே ஒரு சொல்கூட விளக்கவில்லை. விளக்கத்தில் பிரியமுள்ள ஹியூகோ, பத்துப் பக்கம் பிரசங்கம் செய்யாமல் ஒரு கதவைக்கூடத் திறக்காத ஹியூகோ, இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். கவனிக்க வேண்டியது இன்னொன்று: இந்த நாவலில் நாம் சந்திக்கும் முதல் 'மன்னிப்பு' அந்த நூறு பிரம்படிதான். பிற்பாடு மன்னிப்பு என்ற சொல் பெரிதாக ஒலிக்கும்போதெல்லாம் முடமான அந்த மனுஷன் என் நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தான்.

அடுத்து வரும் கப்பல் காட்சி உலகப் பிரசித்தம். லாந்தெனாக் வரும் கப்பலில் ஒரு பீரங்கி, கட்டியவனின் கவனக்குறைவால் சங்கிலி அறுந்து தளத்தில் அங்குமிங்கும் உருள்கிறது. ஆட்களை நசுக்குகிறது, பலகைகளை உடைக்கிறது. கடைசியில் அதே பீரங்கிக்காரன் உயிரைப் பணயம் வைத்து அதை அடக்குகிறான். லாந்தெனாக் அவனை அழைத்து, வீரத்துக்காக உயர்ந்த பதக்கத்தை மார்பில் குத்துகிறான். பிறகு, கவனக்குறைவுக்காகச் சுட்டுக்கொல்லச் சொல்கிறான். வெகுமதியும் தண்டனையும் தனித்தனிக் கணக்கு. ஒன்றை மற்றதில் கழிக்க முடியாது என்பது அவன் நீதி.

நாவலின் கடைசியில் சிமூர்டேன் செய்வதும் அச்சொட்டாக இதுதான். கோவேனின் வீரத்தை அவன் மறுக்கவில்லை, அவனைப் பிள்ளைபோல நேசிக்கிறான், ஆனாலும் எதிரியைத் தப்பவிட்டதற்கு மரணம் என்று விதி இருக்கிறது. முடியாட்சியின் பிரபுவும் புரட்சியின் முன்னாள் பாதிரியாரும் ஒரே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். மார்க்கத்தில் வைத்திருந்த உறுதியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அரசியலில் வைத்த ஆள் சிமூர்டேன். அங்கி மாறியது, ஆள் மாறவில்லை. இப்படியான மனிதர்களை எல்லாக் காலத்திலும் எல்லா இயக்கத்திலும் காணலாம் என்பதால் அவன் பயமுறுத்துகிறான். 1896இல் திபிலீசியில் ஒரு கிறிஸ்தவக் குருமடத்தில் இந்த நாவலை இரகசியமாக வாசித்ததற்காக ஒரு மாணவன் எச்சரிக்கப்பட்டதாக நடத்தைப் பதிவேட்டில் குறிப்பு இருக்கிறது. மாணவனின் பேர் யோசிப் ஜுகாஷ்விலி. பிற்பாடு ஸ்டாலின்.

பாரிஸ் பகுதியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. றொபெஸ்பியர், டான்டன், மாரா மூவரும் 1793 ஜூன் 28இல் ஒரு கடையின் பின்னறையில் மேசையைச் சுற்றி இருந்து, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று வாதாடுகிறார்கள். ஒருவன் எல்லை என்கிறான், ஒருவன் வெண்டே என்கிறான், ஒருவன் பாரிஸே என்கிறான். நாடகத்தனமான காட்சி, பொம்மலாட்டம் போலக்கூட இருக்கிறது. ஆனால் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் உடம்பு சில்லிடும்: மாரா பதினைந்து நாளில் குத்துப்பட்டுச் செத்தான், டான்டனின் தலை 1794 ஏப்ரல் 5இல், றொபெஸ்பியரின் தலை அதே ஆண்டு ஜூலை 28இல் போனது. மேசையிலிருந்த மூவரும் பதின்மூன்று மாதத்துக்குள் முடிந்துபோனார்கள். தேசிய மாநாட்டைப் பற்றிய அத்தியாயம் பெயர்ப் பட்டியல், பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம்.

இனி கோட்டைக்கு வருவோம். தூர்க் என்ற பழைய கோபுரத்தில் லாந்தெனாக்கோடு சேர்த்துப் பத்தொன்பது பேர். வெளியே 4,500 பேர். மிஷேலின் மூன்று பிள்ளைகளும் உள்ளே பணயம். அவளை லாந்தெனாக்கின் ஆட்கள் ஏற்கெனவே சுட்டுவிட்டார்கள். டெல்மார்ச் என்ற பிச்சைக்காரன் பிழைக்கவைத்திருக்கிறான். அந்த டெல்மார்ச்தான், தலைக்கு 60,000 லிவர் விலை வைக்கப்பட்டிருந்த லாந்தெனாக்கை ஓர் இரவு மறைத்துவைத்துக் காப்பாற்றியவன். மறுநாள் லாந்தெனாக் ஒரு கிராமத்தையே எரித்து, கைதானவர்களைச் சுடச்சொன்னபோதுதான் தான் காப்பாற்றியது யாரை என்று அவனுக்குத் தெரியவருகிறது. மன்னிப்பின் கணக்கில் இது இரண்டாவது பதிவு. நல்ல மனசோடு செய்த காரியத்துக்கு மறுநாள் காலை ஒரு கிராமம் விலைகொடுத்தது. இதை எழுதியவர் கருணையைப் பற்றி ஏமாந்தவராக இருக்க முடியாது.

கோட்டை விழும்போது தீ வைக்கப்படுகிறது. பிள்ளைகள் நூலகத்தில் அடைபட்டிருக்கிறார்கள். இரகசியப் பாதையால் தப்பிவிட்ட லாந்தெனாக், வெளியே தாயின் அலறலைக் கேட்டுத் திரும்பி வருகிறான். இரும்புக் கதவின் சாவி அவனிடம் மட்டுந்தான். நெருப்புக்குள் போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துவிட்டு, கைதாகிறான்.

இந்த இடத்தில் ஹியூகோ நம்மை அழவைக்கப் பார்க்கிறார். நானும் வாசித்தபோது மனம் இளகாமல் இல்லை. ஆனால் விமர்சகன் என்ற வகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பணயம் வைத்தது யார்? தாயைச் சுடச்சொன்னது யார்? தன் கூட்டம் வைத்த தீயிலிருந்து ஒருவன் மூன்று உயிரைக் காப்பாற்றினால் அது எரிந்த கிராமத்தைக் கழுவிவிடுமா? பீரங்கிக்காரனுக்கு லாந்தெனாக் சொன்ன கணக்கை லாந்தெனாக்குக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? கோவேன் இரவு முழுக்க யோசித்து, தன் போர்வையை அவனுக்குப் போர்த்தி அனுப்பிவிட்டு, சிறையில் தான் இருந்துகொள்கிறான். உயர்குடியில் பிறந்த இருவருக்கிடையில் நடந்த பெருந்தன்மைப் போட்டி என்றுகூட ஒருவர் இதைக் குறைசொல்லலாம்.

விடை நாவலுக்கு வெளியே இருக்கிறது என்பது என் எண்ணம். ஹியூகோ இதை எழுதத் தொடங்கியது 1872 டிசம்பரில், கேர்ன்சித் தீவில். முடித்தது 1873 ஜூனில். அதற்கு முன்பு என்ன நடந்திருந்தது? 1871 மார்ச் 18இல் ஹியூகோ தன் மகன் சார்ல்ஸை அடக்கம் செய்யப் பிரேத ஊர்வலத்தோடு பாரிஸ் தெருக்களில் நடந்தார். அன்றைக்குத்தான் பாரிஸ் கம்யூன் எழுச்சி வெடித்தது. தடுப்பரண் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டு, ஆயுதம் தாழ்த்தி மரியாதை செய்தார்கள். இரண்டு மாதத்தில், மே 21 முதல் 28 வரை, அரசாங்கப் படை நகருக்குள் புகுந்து கொன்று குவித்தது. அதில் செத்தவர்களைக் குறைத்துக் கணக்கிடுகிறவர்கள் ஆறேழாயிரம் என்கிறார்கள். பழைய கணக்கு 20,000. கம்யூனின் செயல்களை ஹியூகோ ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் தப்பி ஓடிவருகிறவர்களுக்குத் தன் பிரசல்ஸ் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று பகிரங்கமாக அறிவித்தார். அன்றிரவே வீட்டுக்குக் கல்லெறி. பெல்ஜியம் அவரை வெளியேற்றியது. ஆயிரக்கணக்கான கம்யூன்காரர்கள் தூர பசிபிக் தீவான நியூ கலிடோனியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

அந்நேரம் பிரான்சில் குடியரசு என்பது பேருக்குத்தான். தேசிய சபையில் பெரும்பான்மை முடியாட்சிவாதிகள். 1873 மே மாதம் அவர்களுடைய ஆளான மக்மாஓன் ஜனாதிபதியானான். சிம்மாசனம் தயார், வாரிசும் தயார். அந்த வாரிசு மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று அடம்பிடித்ததால் அந்த ஒக்டோபரில் காரியம் கெட்டது. 1875 ஜனவரியில்தான் 353க்கு 352 என்று ஒரேயொரு வாக்கில் குடியரசு சட்டத்துக்குள் நுழைந்தது. மன்னனின் தலை விழுந்து எண்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு!

நாவல் வெளிவந்தது இந்த இரண்டுக்கும் நடுவில், 1874 பிப்ரவரியில். அப்போதைய அதிகாரம் லாந்தெனாக்கின் பேரப்பிள்ளைகளிடம். கைதிகள் கம்யூன்காரர்கள். ஹியூகோ அந்தப் பேரப்பிள்ளைகளைப் பார்த்து ஒரு கதை சொல்கிறார்: உங்கள் பாட்டன் எங்கள் கையில் அகப்பட்டபோது, எங்கள் ஆள் ஒருவன் தன் தலையைக் கொடுத்து அவனை விட்டான். இப்போது எங்கள் ஆட்கள் உங்கள் கையில். மன்னிக்கப்படுகிறவன் ஏன் ஏழையாக இல்லாமல் பிரபுவாக இருக்கிறான் என்பதற்கு எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். கலைஞனாக அவர் கொடுத்த விலையும் இதுதான்: பேரத்துக்காகத் தராசின் ஒரு தட்டை வேண்டுமென்றே கனக்கவைத்திருக்கிறார். லாந்தெனாக்கை நெருப்புக்குள் திருப்பி அனுப்பாமல் அந்த வாதம் நடக்காது.

இதைவிடப் பாரதூரமான ஒன்று உண்டு, அதில் ஹியூகோவுக்குச் சலுகை காட்ட எனக்கு இயலாது. நாவலின் கடிகாரம் 1793 கோடையில் நின்றுவிடுகிறது. டோல் நகரச் சண்டை நாவலில் கோடையில் வருகிறது. உண்மையில் வெண்டேப் படை டோலில் போரிட்டது அந்த நவம்பரில். டிசம்பர் 23இல் சவனேயில் அந்தப் படை அழிந்தது. பயங்கரம் அதற்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போனது. 1794 ஜனவரியிலிருந்து ஜெனரல் தியுரோவின் 'நரகப் படையணிகள்' தோற்றுப்போன கிராமங்களுக்குள் போய் ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் கொன்று எரித்தன. நாந்த் நகரில் குடியரசின் பிரதிநிதி கரியே, கைதிகளைப் படகுகளில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்தான். கோடையில் நிறுத்திக்கொண்டால் குடியரசுத் தளபதியாகக் கோவேனைப் படைக்கலாம். ஜனவரியில் அந்த இடத்தில் தியுரோ நிற்கிறான். சிமூர்டேனின் கண்டிப்புக்குக்கூட ஒரு கௌரவம் மிஞ்சியிருக்கிறது, ஏனென்றால் அவன் தன் பிள்ளையைத்தான் கொல்கிறான். ஊரான் பிள்ளையைக் கொன்ற கரியே நாவலுக்குள் வந்திருந்தால் அந்தக் கௌரவம் கரைந்துபோயிருக்கும்.

ஹியூகோவுக்கு இது தெரியாமல் இல்லை. அவருடைய தகப்பன் லெயோபோல்ட் குடியரசுப் படையில் வெண்டேயில் போரிட்டவர். நாவலுக்குள்ளேயே ஓரிடத்தில் அதை மறைக்காமல் சொல்கிறார். தாய் சோஃபி நாந்த் நகரத்துப் பெண். தாயை முடியாட்சிக் காட்டுப் போராளியாகக் கற்பனை செய்து எழுதுவது ஹியூகோவுக்கு வழக்கம். ஆனால் தாயின் உறவினர் நாந்தில் குடியரசின் பக்கம் பதவி வகித்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இரண்டு பக்கமும் இருந்தது, ஆறும் பக்கத்தில் ஓடியது. எழுதாமல் விட்டது மறதியாக இருக்காது. பேரத்துக்கு வந்தவன் தன் பக்கத்துப் பிணங்களை மேசையில் வைக்க மாட்டான்.

இத்தனைக்குப் பிறகும் இந்த நாவலை நான் தூக்கி நிறுத்துவது ராதூப்புக்காக. இராணுவ நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள். ஒரு கப்டன் விதியை வாசித்து, மரணம் என்கிறான். கடைசி வாக்கு சிமூர்டேனுடையது, அதுவும் மரணம். நடுவில் சார்ஜன்ட் ராதூப். சட்டம் தெரியாதவன், மேடைப்பேச்சு வராதவன். கிழவன் பிள்ளைகளைக் காப்பாற்றினான், அது சரி. தளபதி கிழவனைக் காப்பாற்றினான், அதுவும் சரி. இதுக்கு ஒரு தலை வேணுமெண்டா என்ட தலையை எடுங்க என்ற மாதிரியாகத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி, விடுதலை என்று வாக்களிக்கிறான். மிஷேலிடம் 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்டவன் அவன். அவளுக்குப் பதில் தெரியாது என்று தெரிந்ததும் மூன்று பிள்ளைகளையும் படையணியின் பிள்ளைகளாக ஆக்கியவனும் அவன்தான். கோவேனின் சிறையறைப் பேச்சு, பள்ளிக்கூடம், பெண் சமத்துவம், கடலலையிலிருந்து சக்தி என்று எதிர்காலத்துக்குப் பறக்கிறது, அழகான பேச்சுத்தான். ராதூப்பிடம் எதிர்காலம் பற்றி ஒன்றுமில்லை. அந்தக் காட்டில் அகப்பட்ட ஒரு குடும்பத்தை அவனுக்குத் தெரியும், அதிலிருந்து அவன் நியாயம் எடுக்கிறான். பேரத்தின் கணக்கு ஒட்டாத ஒரே மன்னிப்பு இந்த நாவலில் அவனுடையது. அது 2க்கு 1 என்று தோற்றுப்போகிறது. விடியலில் கோவேனின் தலை விழுகிறது, அதே கணத்தில் சிமூர்டேன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான்.

1876 மே 22இல், செனட் சபையில், கம்யூன்காரர்களுக்குப் பொதுமன்னிப்புக் கேட்டு ஹியூகோ பேசினார். ஆதரவாக எழுந்த கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மன்னிப்புச் சட்டம் 1880 ஜூலையில்தான் நிறைவேறியது. அப்போது அவருக்கு 78 வயது. நியூ கலிடோனியாவிலிருந்து கப்பல்கள் வந்தன.